பழைய டயரா, புது டயரா? டெல்டா கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்ன காருக்கு நாலு டயரும் புதிதாகப் போட்டால் செலவு இருபதாயிரத்தை நெருங்கிவிடுகிறது. அதே அளவு பழைய டயர் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது என்றால் யாருக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கத்துச் சாலைகளையும் மழையையும் மனத்தில் வைத்து, வழக்கமாக வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், பழைய டயர் லாபமா?

இன்றைக்குக் கையை விட்டுப் போகிற பணம் குறைவு. ஓடுகிற கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் லாபம் இல்லை. முக்கியமாக மூன்று இடங்களில் அது நியாயமான தேர்வு. ஸ்டெப்னிக்கு வாங்கலாம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் விற்கப் போகிற வண்டிக்குப் போடலாம். ஒரு டயர் மட்டும் கிழிந்து, அதன் ஜோடி பாதி தேய்ந்து நல்ல நிலையில் இருந்தால், அதே அளவு, அதே கம்பெனி, அதே பட்டன் (சாலையில் படும் ரப்பர் மேடு) டிசைனில் பாதி தேய்ந்த ஒன்றைத் தேடிப் போடலாம். கடைசியாகச் சொன்னதுதான் பழைய டயரின் உண்மையான பயன். அங்கே புது டயர் ஒன்றைப் போட்டால் ஒரே அச்சில் இரண்டு உயரம் வந்துவிடும்.

"கணக்குப் போட்டால் லாபம் இல்லை" என்றால் எப்படி?

டயருக்கு விலை பேசும்போது நாம் வாங்குவது ரப்பர் வளையத்தை அல்ல, பட்டனின் உயரத்தை. புதுக் கார் டயரில் பட்டன் ஆழம் ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவது நம் ஊர் மழைக்கு நல்லது (ஏன் என்று கீழே வருகிறது). அப்படியானால் 8 மி.மீ. டயரில் நமக்குப் பயன்படுவது 5 மி.மீ. மட்டும்தான்.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். புது டயர் 4,500, பழையது 1,800. கழற்றி மாட்ட, வால்வு, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது), அலைன்மென்டில் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) அதன் பங்கு எல்லாம் சேர்த்து ஒரு டயருக்கு 400. இந்த 400 இரண்டுக்கும் பொது; பழையது என்பதற்காகக் கடைக்காரர் கூலியைக் குறைக்க மாட்டார். புது டயர் 4,900-ஐ 5 மி.மீ.யால் வகுத்தால் மி.மீ.க்கு 980 ரூபாய். பழைய டயரில் 5 மி.மீ. பட்டன் இருந்தால் நமக்கு உதவுவது 2 மி.மீ.; 2,200-ஐ இரண்டால் வகுத்தால் 1,100. புதியதைவிட விலை அதிகம்! 4 மி.மீ. மட்டும் இருந்தால் மி.மீ.க்கு 2,200. அதே 1,800 ரூபாய்க்கு 6.5 மி.மீ. உள்ள டயர் கிடைத்தால் மட்டும் 630 ரூபாய்க்குள் வந்து உண்மையிலேயே மலிவாகிறது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு விலை?" என்பதல்ல. "எத்தனை மி.மீ. இருக்கு, எந்த வருஷம்?" என்பதே.

என் வண்டி வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. புது டயர் வீண்தானே?

டெல்டாவில் நிறையப் பேர் கேட்கும் கேள்வி இது. வீட்டுக்காரர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்; கார் கொட்டகையில் நிற்கும்; கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே வரும்.

இப்படிப்பட்ட வண்டியில் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. நல்ல டயர் 40,000 கி.மீ. ஓடும் என்று வைத்தால், வருஷத்துக்கு 5,000 ஓட்டுகிறவர் அதை முடிக்க 8 ஆண்டு ஆகும். அதற்குள் ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் வெடிப்பு வந்துவிடும். ஏழாவது வருஷம் மாற்றினால் ஆண்டுக்கு 700 ரூபாய். அவரே மூன்று வயதான, 5 மி.மீ. உள்ள பழைய டயரை 2,200 செலவில் போட்டு மூன்று வருஷம் ஓட்டினால் ஆண்டுக்கு 733. மிச்சம் எதுவும் இல்லை. அடுத்த மூன்றாம் வருஷம் மறுபடி டயர் தேடி அலைவதுதான் மிச்சம்.

கால் டாக்ஸி ஓட்டுகிறவருக்கு இந்த யோசனையே வேண்டாம். மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் புது டயர்தான் கட்டுப்படியாகும்.

பட்டன் ஆழத்தை எப்படி அளப்பது?

ஆழம் அளக்கும் சின்ன கருவி உதிரிபாகக் கடையில் கிடைக்கும், விலை அதிகம் இல்லை. அது இல்லையென்றால் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைப் பள்ளத்தில் செங்குத்தாக விட்டு, மேல்மட்டத்தில் நகத்தால் குறி வைத்து, பள்ளிக்கூட ஸ்கேலில் அளந்து பாருங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில், டயரைச் சுற்றி நாலு திசையிலும் அளக்க வேண்டும். பன்னிரண்டு அளவில் மிகக் குறைந்தது எதுவோ அதுதான் அந்த டயரின் ஆழம். கடைக்காரர் அதிகமாக உள்ள இடத்தைத்தான் காட்டுவார். அது அவர் தொழில்.

பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் 1.6 மி.மீ. என்று பொருள்.

சட்டப்படி 1.6 மி.மீ. போதும் என்கிறார்களே, 3 மி.மீ. ஏன்?

காய்ந்த சாலையில் 1.6 மி.மீ. டயரும் பிடிக்கும். தண்ணீர் நிற்கும் சாலையில்தான் வித்தியாசம். பள்ளங்களின் வேலை, டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீரைப் பக்கவாட்டில் பீய்ச்சித் தள்ளுவது. ஆழம் குறைந்தால் தள்ள முடியாத தண்ணீர் ஆப்புபோல டயருக்கு அடியில் நுழைந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டீயரிங் திடீரென லேசாகும். பிரேக்கை மிதித்தாலும் வண்டி கேட்காது. வேகம் கூடக் கூட இது சீக்கிரம் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலையிலோ எண்பதில் போகிறவருக்கு 3 மி.மீ.க்கும் 1.6 மி.மீ.க்கும் நடுவில் இருப்பது வாய்க்கால்தான்.

மழையைத் தவிர நம் பக்கத்துக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. நடவு நேரத்தில் இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறும் இடங்களில் சாலையெல்லாம் களிமண். தூறல் விழுந்தால் அது சோப்பு. குறுவை, சம்பா அறுப்பு சமயத்தில் சாலையில் காயவைத்த நெல்லும் வைக்கோலும். இந்த இரண்டின் மேலும் புது டயரே வழுக்கும், மொட்டை டயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

டயரின் வயதை எங்கே பார்ப்பது?

பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2322 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம், அதாவது ஜூன் மாதம். முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருந்தால் வெளியே தெரியாது. வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள், இல்லையென்றால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எண் இருக்க வேண்டிய இடம் தேய்த்து மழுங்கியிருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

பழைய டயர் வாங்கினால் மூன்று வயதுக்கு மேல் வேண்டாம். ஐந்து வயது கடந்த எந்த டயரையும் ஆண்டுக்கு ஒருமுறை நன்கு சோதிக்க வேண்டும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டோடு கதை முடிந்தது. நம் வெயிலில் ஆறேழிலேயே மாற்றிவிடுவது நல்லது.

புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்க்க மறக்காதீர்கள். இரண்டு வருஷம் கடையில் கிடந்ததைப் புது விலைக்குத் தள்ளிவிடுவது நடக்கிறது.

பழைய டயரை எப்படிச் சோதிக்க வேண்டும்?

முதல் நிபந்தனை: ரிம்மில் மாட்டிய நிலையில் வாங்காதீர்கள். டயரின் குறை முக்கால்வாசி உள்ளேதான் இருக்கும்.

கைபேசி விளக்கை உள்ளே அடித்துச் சுவரைப் பாருங்கள். காற்றில்லாமல் ஓடிய டயரில் பக்கச் சுவரின் உட்புறம் வளையம்போல உராய்ந்த தடம் இருக்கும். கையை விட்டால் கறுப்புத் தூள் ஒட்டும். ரப்பருக்குள் பலத்துக்காக வைத்த நூல் அடுக்கு நொறுங்கிப் போயிருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும். அடுத்த கோடை வெயிலில் ஏசி போட்டு ஐந்து பேரோடு போகும்போது வெடிப்பது இந்த வகைதான்.

அடுத்து ஒட்டுகளை எண்ணுங்கள். பட்டன் பகுதியில் ஒழுங்காக ஒட்டிய ஒன்று இருந்தால் மன்னிக்கலாம். தோள் பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஒட்டு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ரிம்மில் உட்காரும் விளிம்பை விரலால் சுற்றித் தடவுங்கள். கடப்பாரை போட்டுக் கழற்றியதில் ரப்பர் கிழிந்து கம்பி தெரிந்தால் காற்று நிற்காது.

வெளியே வந்து, பக்கச் சுவரை இரண்டு கையாலும் அமுக்கி வளையுங்கள். இயல்பாக இருக்கும்போது தெரியாத வெடிப்பு வளைத்தால் வாயைத் திறக்கும். கொப்புளம்போல ஒரு இடத்தில் உப்பியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது. கடைசியாகப் பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முழுச் சுற்றுத் தடவுங்கள். ஓரிடத்தில் மேடு தட்டினால் உள்ளே இரும்புக் கம்பி அடுக்கு பிரிகிறது.

இவ்வளவும் தேறினால் பேலன்சிங் மெஷினில் சுற்றச் சொல்லி, எதிரே நின்று பாருங்கள். பட்டன் பாம்புபோல நெளிந்தாலோ, ஐம்பது அறுபது கிராமுக்கு மேல் வெயிட் கேட்டாலோ, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணத்தை அதற்குப் பிறகு எண்ணிக் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்வது உத்தமம்.

கடையில் எப்படியெல்லாம் ஒப்பனை செய்கிறார்கள்?

கறுப்புப் பாலிஷ் முதல் வேலை. சின்ன வெடிப்பை அது மூடிவிடும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

அதைவிட ஆபத்தானது தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி ஆழமாகக் காட்டுவது. அப்படி வெட்டிப் பயன்படுத்த வழியுள்ளவை சில லாரி, பஸ் டயர்கள் மட்டும். அவற்றுக்கு அடியில் கூடுதல் ரப்பர் இருக்கும், பக்கவாட்டில் அதற்கான குறிப்பும் இருக்கும். கார் டயரில் அந்தக் கனம் இல்லை. வெட்டினால் கத்தி கம்பிக்கு மிக அருகே போய் நிற்கும். அடையாளம் எளிது: பள்ளத்துக்குள் இருக்க வேண்டிய குறுக்கு மேடுகள் காணாமல் போயிருக்கும், அல்லது அவற்றைவிடப் பள்ளம் ஆழமாக இருக்கும், வெட்டிய ஓரம் கூராகக் கையைக் கீறும்.

ரீட்ரேட் செய்த (தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டிய) கார் டயர் பரவாயில்லையா?

லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது நல்ல, நிரூபித்த முறை. கார் டயருக்கு வேண்டாம்.

நல்ல பழைய டயர் எங்கிருந்து வருகிறது?

புதுக் கார் எடுத்த கையோடு இரும்பு ரிம்மை விட்டு அலாய் வீலுக்கு (கலப்பு உலோக ரிம்) மாறுகிறவர்களிடமிருந்து. 165/80 ஆர்14 அளவு இதற்கு நல்ல உதாரணம். அதன் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ.; 185/65 ஆர்15 டயரின் உயரம் சுமார் 621 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், குறைந்த மாடல் வாங்கியவர்கள் 15 அங்குல அலாய்க்குத் தாவிவிடுகிறார்கள். கழற்றிய 14 அங்குல டயர் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். பழைய டயர் என்று கிடைப்பதில் வாங்கத் தகுந்தது இதுதான். தஞ்சாவூர், திருச்சியில் அலாய் வீல் விற்கும் கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும். தீபாவளி, பொங்கலை ஒட்டி வண்டி டெலிவரி அதிகம் இருக்கும் நாட்களில் கேட்டுப் பாருங்கள்.

விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வருவதை விலகிப் போக விடுங்கள். இடி வாங்கிய சக்கரம் எது என்று யாருக்கும் நினைவிருக்காது.

டயர் மேல் எழுதியிருக்கும் அளவைத் தாண்டி வேறு போடலாமா?

165/80 ஆர்14 85டி என்பதில் 165 அகலம் மி.மீ.யில், 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு, 14 ரிம்மின் அங்குலம். 85 பார எண்: ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. பார எண் கம்பெனி சொன்னதைவிடக் குறையவே கூடாது. 74 என்றால் 375 கிலோ, 79 என்றால் 437, 88 என்றால் 560. மலிவாகக் கிடைத்தது என்று குறைந்த எண்ணைப் போட்டுவிட்டு, பின் இருக்கையை மடித்து 40 கிலோ நெல் சிப்பம் ஏழெட்டு ஏற்றினால் டயர் தாங்காது.

மொத்த உயரம் மாறினால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். சின்ன டயர் போட்டால் காட்டுவது அதிகம், ஓடுவது குறைவு.

இரண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கிறது. முன்னால் போடுவதா, பின்னாலா?

பின்னால். பெரும்பாலான கடைகளில் "முன் வீல்தானே இழுக்குது, திருப்புது" என்று முன்னால்தான் மாட்டுவார்கள். கேட்டு வாங்கிப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பிடி திரும்பும், ஓட்டுகிறவருக்கும் முன்கூட்டியே தெரியும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்றுவிடும்; சாதாரணமாக ஓட்டுகிறவரால் அதைத் திருத்த முடியாது. முன் சக்கரம் இழுக்கும் காருக்கும் இதே விதிதான்.

நாலும் பழையது போடுவதைவிட இரண்டு புதியது போடுவதே மேல். இருக்கிற நாலில் நல்ல இரண்டை முன்னால் கொண்டுவந்து ஓட்டுங்கள். அடுத்த ஆண்டு மீதி இரண்டு.

ஸ்டெப்னி ஒருநாளும் ஓடவே இல்லை, அதையே ஒன்றாகச் சேர்த்துவிட்டால்?

வண்டிக்கு எட்டு வயது என்றால் ஸ்டெப்னிக்கும் எட்டு வயதுதான். பட்டன் முழுசாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும். மூன்று வயதுக்குள் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

டியூப்லெஸ் டயரில் காற்று நிற்கவில்லை, டியூப் போட்டு ஓட்டலாமா?

முதலில் எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பாதிக் குற்றம் டயரில் இல்லை, ரிம்மில். உப்புக் காற்றில் இரும்பு ரிம்மின் உள் விளிம்பு துருப்பிடித்துப் பொரிந்துவிடும். அந்த இடுக்கில் காற்று கசியும். டயரைக் கழற்றி, விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துரு தடுக்கும் பெயின்ட் அடித்து, புது வால்வு போட்டு மாட்டினால் சரியாகிவிடும். இதற்காகப் புது டயர் வாங்கியவர்கள் உண்டு. புது டயரிலும் காற்று நிற்காது.

டியூப் போடுவது ஊர் வந்து சேரும் வரைக்கான தற்காலிக வேலை. டயருக்கும் டியூபுக்கும் நடுவே உராய்வுச் சூடு ஏறும். பஞ்சரானால் டியூப்லெஸ்போல மெல்ல இறங்காமல் ஒரேயடியாக இறங்கிவிடும்.

கருவேல முள் குத்தியே டயர் போகிறது. எத்தனை பஞ்சர் வரை ஓட்டலாம்?

எண்ணிக்கையைவிட இடமும் அளவும் முக்கியம். பட்டன் பகுதியில் 6 மி.மீ. வரையிலான ஓட்டையை ஒட்டலாம். பக்கச் சுவரில் முள் அளவு ஓட்டையானாலும் கூடாது. வெளியிலிருந்து குத்தி ஏற்றும் குச்சி அவசரத்துக்கு. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போடுவதே நிலைக்கும்.

புதியதில் விலை குறைந்த கம்பெனி போதுமா?

போதும். இந்தியாவில் விற்கும் புதுக் கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பாருங்கள், அளவும் பார எண்ணும் சரியா என்று பாருங்கள். பெயர் பெற்ற கம்பெனியின் பழைய டயரைவிட, அடுத்த நிலைக் கம்பெனியின் புது டயர் எப்போதும் நல்ல பேரம். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது; 128 ரூபாய்க்கு விற்றது 118 ஆகியிருக்க வேண்டும். பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

பில் வாங்குங்கள். தயாரிப்புக் குறை வந்தால் தேய்ந்தது போக மீதிக்குக் கம்பெனி ஈடு தரும், பில் இருந்தால். பழைய டயருக்கு அந்தப் பேச்சே இல்லை. வழக்கமான வாகனக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான், அதுவும் டயர் விலையில் பாதி.

புது டயர் பத்தாயிரத்திலேயே ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. மட்டமான டயரா?

வண்டிதான் டயரைத் தின்கிறது. கழற்றிய டயரைத் தூக்கி எறியும் முன் அதைப் படியுங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங். நோயைச் சரிசெய்யாமல் டயரை மாற்றினால் அடுத்ததையும் தின்னும். அலைன்மென்ட் பார்க்கும் முன் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளான பால் ஜாயின்ட், புஷ் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் எந்த மெஷினில் வைத்துத் திருகினாலும் இரண்டு நாளில் கலைந்துவிடும்.

இருக்கிற டயரை இன்னும் ஒரு வருஷம் இழுக்க என்ன செய்யலாம்?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள பி.எஸ்.ஐ. (காற்றழுத்த) அளவுக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பிடியுங்கள். பெட்ரோல் பங்க் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் ஓட்டிப் போனாலும் பரவாயில்லை. ஓடிச் சூடான டயரில் அளவு கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜனுக்குத் தனியே காசு வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். கொட்டகையில் நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை எடுத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். வெளியே எடுக்க ஆளில்லை என்றால் அரைச் சுற்று உருட்டியாவது வைக்கச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் அமுங்கிக் கிடந்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். டயர் மாற்றினால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், வட்டமாக அல்ல, எதிரெதிராக.